தோலின் நிறத்தைச் சீர்செய்தல்: சாயமும் எண்ணெயும்

பதனிட்ட தோலை வாங்க வருவோர் முதலில் நோக்குவது அதன் நிறத்தையே. தொட்டும் வளைத்தும் பார்ப்பது அதன் பின்னரே. நிறம் சீராக அமையாத தோல், எவ்வளவு உறுதி வாய்ந்ததாயினும், குறைந்த விலைக்கே போகும். ஆயினும் நிறம் என்பது தோலின்மேல் இறுதியாகப் பூசப்படும் பூச்சு மட்டும் அன்று. தோலைப் பதப்படுத்திய பட்டை அல்லது உப்பு, அதனுள் ஏறிய சாயம், அதன் இழைகளைச் சூழ்ந்துள்ள எண்ணெய் ஆகிய மூன்றும் கூடியே கண்ணுக்குத் தோன்றும் நிறத்தை உண்டாக்குகின்றன. இவற்றுள் ஒன்றில் நேர்ந்த குறையை மற்றொன்றை மிகுதியாகச் சேர்த்து மறைக்க முயன்றால், பொருட்செலவும் கழிவு நீரும் மிகுமேயன்றி நிறம் சீர்படாது. இதனைக் களப்பணியாளரும் ஆசிரியர்களும் நன்குணர்ந்து கைவினைஞர்க்கும் மாணாக்கர்க்கும் எடுத்துரைத்தல் வேண்டும்.

ஆவாரையும் எல்லைப் பகுதியும்

பாலக்காடு மாவட்டத்துச் சித்தூர் வட்டத்தில், தமிழ்நாட்டு எல்லையை அடுத்துள்ள ஊர் கொழிஞ்சாம்பாறை. கேரளத்தின் பிற பகுதிகளைப் போலன்றி இவ்வட்டாரம் மழை குறைந்தது. இங்கே தமிழ் பேசும் மக்கள் பலர் வாழ்கின்றனர். இடுக்கி மாவட்டத்தின் எல்லையிலுள்ள மறையூர், சின்னாறு ஆகிய பகுதிகளும் மழை மறைவுப் பகுதிகளே. இத்தகைய வறண்ட நிலங்களில் மஞ்சள் நிறப் பூக்களுடன் தானே வளரும் ஆவாரைச் செடியை மாணாக்கர் அனைவரும் அறிவர். அதன் பூ பொங்கற் காப்புக்கும் மருந்துக்கும் பயன்படுவதையும் அறிவர். ஆனால் அதன் பட்டையே தென்னிந்தியத் தோலின் பெயரை உலகச் சந்தையில் நிலைநிறுத்தியது என்பதைப் பலர் அறியார்.

ஆவாரம் பட்டையையும் கொன்றைப் பட்டையையும் கொண்டு பதனிட்டு, கடுக்காய் நீரில் முடித்து, எண்ணெய் தடவி உலர்த்திய ஆட்டுத்தோலும் மாட்டுத்தோலும் 'கிழக்கிந்தியத் தோல்' என்னும் பெயரால் சென்னைத் துறைமுகத்திலிருந்து நெடுங்காலம் ஏற்றுமதியாயின. திண்டுக்கல், திருச்சிராப்பள்ளி, ஈரோடு முதலிய ஊர்களில் மக்கள் 'தோல் ஷாப்பு' என வழங்கும் பதனீட்டு நிலையங்கள் இத்தோலைச் செய்தன. இத்தோல் இலண்டன் சந்தைக்குச் சென்ற பின்னரே சாயமேற்றப் பெற்று, மெருகிடப் பெற்று, முழுமையடைந்தது. அதாவது, உழைப்பு மிகுந்த பணி இங்கே நடைபெற, விலையை உயர்த்தும் நிறமேற்றும் பணி வெளிநாட்டில் நடைபெற்றது. 1972-இல் சீதாராமையா குழு அரைகுறையாகப் பதனிட்ட தோலின் ஏற்றுமதியைக் குறைத்து, முற்றிலும் முடித்த தோலையும் தோற்பொருள்களையும் ஏற்றுமதி செய்தல் வேண்டும் எனப் பரிந்துரைத்தது. அதன் பின்னரே சாயமும் எண்ணெயும் ஏற்றும் கலை நம் நாட்டுத் தொழிற்சாலைகளில் பெருமளவில் வேரூன்றியது. 1948-இல் சென்னை அடையாற்றில் நிறுவப்பட்ட மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையம் இக்கலையை வளர்ப்பதில் பெரும்பங்கு கொண்டது.

பட்டை தரும் நிறம்

சாயம் ஏற்றுமுன்னரே தோலுக்கு ஒரு நிறம் உண்டு. அதனை அடிநிறம் எனலாம். ஆவாரம் பட்டையில் பதனிட்ட தோல் வெளிறிய வைக்கோல் நிறத்தில் அழகாக இருக்கும். ஆனால் வெயிலிற் கிடந்தால் நாளடைவில் சிவந்துவிடும். ஆவாரையில் உள்ள டானின் என்னும் துவர்ப்பொருள், ஒளியும் காற்றும் படும்போது உயிர்வளியுடன் கூடிச் செந்நிறப் பொருளாக மாறுவதே இதற்குக் காரணம். வாட்டில் பட்டையிலும் இக்குணம் உண்டு. ஆஸ்திரேலியாவிலிருந்து கொணரப்பட்ட வாட்டில் மரம் நீலகிரியிலும், கோடைக்கானல் மலையிலும், இடுக்கி மாவட்டத்து வட்டவடைப் பகுதியிலும் காணப்படுகின்றது.

கடுக்காயிலுள்ள துவர்ப்பொருள் வேறு வகையினது. அஃது ஒளியில் சிவப்பதில்லை. ஆகவே பழைய தொழிலாளர் ஆவாரையிற் பதனிட்ட தோலை இறுதியிற் கடுக்காய் நீரில் ஊறவைத்தனர். இதனால் தோல் வெளிறித் தெளிவடைவதுடன், பின்னர்ச் சிவப்பதும் குறைந்தது. வேதியியல் நூல்கள் காரணத்தைக் கூறுமுன்னரே அனுபவத்தால் அறிந்த உண்மை இது. சாயமேற்றுவோர் இதிலிருந்து பெறும் பாடம் ஒன்றுண்டு: அடிநிறம் நிலையற்றதாயின் அதன்மேல் ஏற்றிய சாயமும் நிலைக்காது. வெளிர் மஞ்சள், வெளிர் பழுப்பு போன்ற மென்னிறங்களுக்கு உரிய தோல் நன்கு கடுக்காய் ஏற்றப் பெற்றிருத்தல் வேண்டும்.

குரோம் உப்பினால் பதனிட்ட தோலின் அடிநிறம் வெளிர் நீலம். 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் சென்னையில் குரோம் முறையைப் பரப்ப முயன்றார். பல்லாவரத்தை அடுத்துத் தோன்றிய குரோம் லெதர் கம்பெனியின் பெயராலேயே குரோம்பேட்டை என்னும் ஊர்ப்பெயர் ஏற்பட்டது. நீல அடிநிறத்தின்மேல் மஞ்சட் சாயத்தை ஏற்றினால் பச்சைச் சாயல் தோன்றும். அச்சாயலைப் போக்கச் சிறிதளவு செந்நிறச் சாயம் சேர்ப்பர். செம்மை மிகுந்தால் சிறிதளவு பச்சை சேர்ப்பர். ஆனால் இவ்வாறு திருத்துந்தோறும் நிறத்தின் ஒளி மங்கும் என்பதை மறத்தலாகாது. ஆகவே தொடக்கத்தில் சாயத்தைச் சற்றுக் குறைவாகவே இட்டு, சிறு தோல் துண்டில் சோதித்த பின்னரே கூட்டுதல் நலம்.

சாயம் தோலைப் பற்றும் முறை

தோலுக்குப் பெரும்பாலும் பயன்படும் அமிலச் சாயங்கள் நீரில் கரையும்போது எதிர்மின்னேற்றம் பெறுகின்றன. குரோம் தோல் அமிலத் தன்மையுடன் இருக்கும்போது நேர்மின்னேற்றம் உடையது. எதிரெதிர் மின்னேற்றங்கள் ஒன்றையொன்று ஈர்ப்பதால் சாயம் தோலை விரைந்து பற்றுகின்றது. இவ்விரைவே சில வேளைகளில் தீங்காக முடியும். சாயம் மேற்பரப்பிலேயே தங்கி, திட்டுத் திட்டாகத் தோன்றி, உட்பகுதி வெளிறியே நின்றுவிடும்.

இதனைத் தவிர்க்க, சாயமேற்றுமுன் தோலின் அமிலத்தைச் சோடா உப்பால் தணிக்க வேண்டும். சாயம் உள்ளே புகுந்தபின் பார்மிக அமிலத்தைச் சேர்த்தால் அது தோலுடன் உறுதியாகப் பிணைந்துகொள்ளும். சாயமேற்றும் கலையின் சாரம் இதுவே: முதலில் ஈர்ப்பைக் குறைத்து உட்புகச் செய்தல், பின்னர் ஈர்ப்பை மிகுத்து நிலைக்கச் செய்தல்.

அமிலம் போதுமான அளவு தணிந்ததா என்பதைக் களத்திலேயே அறியலாம். தோலின் ஓரத்தைச் சிறிது வெட்டி, வெட்டுவாயில் புரோமோகிரெசால் பச்சை என்னும் நிறங்காட்டிக் கரைசலில் ஒரு சொட்டு இட வேண்டும். மஞ்சள் தோன்றினால் அமிலம் மிகுதி. பச்சை தோன்றினால் ஓரளவு தணிந்துள்ளது. நீலம் தோன்றினால் பெரிதும் தணிந்துவிட்டது. ஓரங்கள் நீலமாகவும் நடுப்பகுதி மஞ்சளாகவும் இருந்தால், தணிப்பு மேற்பரப்பில் மட்டுமே நடந்துள்ளது எனக் கொள்ளல் வேண்டும்.

பட்டையில் பதனிட்ட தோலின் இயல்பு வேறு. துவர்ப்பொருள் தானே எதிர்மின்னேற்றம் உடையதாகலின் அமிலச் சாயத்தை அத்தோல் மெதுவாகவே ஏற்கும். நிறமும் மென்மையாகவே அமையும். இதனைத் திருத்த, கிழக்கிந்தியத் தோலை நீரில் நனைத்து, சிறிது வெண்காரம் கலந்த வெதுவெதுப்பான நீரில் சுழற்றி, மிகுதியான துவரையும் எண்ணெயையும் நீக்கி, பின்னர்க் குரோம் உப்பில் மறுமுறை பதனிடுவர். இவ்வாறு செய்த தோலை அரைக்குரோம் தோல் என்பர். அது சாயத்தை அடர்ந்து ஏற்கும், வெப்பத்தையும் தாங்கும்.

எண்ணெய் நிறத்தை மாற்றுவது ஏன்

எண்ணெயின் முதற்பணி தோல் இழைகள் உலரும்போது ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளாமற் காத்து, தோலை மென்மையாக்குவதே. ஆனால் அது நிறத்தையும் மாற்றும். உலர்ந்த தோலின் இழைகளுக்கிடையே காற்று நிறைந்துள்ளது. ஒளி இழையிலிருந்து காற்றுக்கும், காற்றிலிருந்து இழைக்கும் மாறி மாறிச் செல்லும்போது சிதறி வெளிவருகின்றது; ஆகவே தோல் வெளிறித் தோன்றுகின்றது. எண்ணெயின் ஒளிவிலகல் எண் ஏறக்குறைய 1.47, தோலிழையின் எண்ணும் அதற்கு அண்மையதே. காற்று இருந்த இடத்தில் எண்ணெய் புகுந்தால் சிதறல் குறைந்து, ஒளி தோலுக்குள் ஆழ்ந்து சென்று சாயத்தால் உறிஞ்சப்படுகின்றது. ஆகவே தோல் கருமை கூடித் தோன்றும். நனைந்த வேட்டி உலர்ந்ததைவிடக் கருத்துத் தோன்றுவதும், காகிதத்தில் எண்ணெய் பட்ட இடம் ஒளி ஊடுருவுவதும் இதே காரணத்தால்தான்.

இதிலிருந்து இரண்டு விதிகள் பெறப்படும். முதலாவது, ஈரத் தோலைக் கண்டு நிறத்தை முடிவு செய்தலாகாது. எண்ணெயேற்றி உலர்த்திய துண்டையே மாதிரியுடன் ஒப்பிடல் வேண்டும். இரண்டாவது, எண்ணெய் எங்கும் ஒரே அளவில் பரவாவிடில், சாயம் சீராக ஏறியிருந்தும் தோல் திட்டாகவே தோன்றும்.

எண்ணெயின் வகையும் கவனித்தற்குரியது. புங்கெண்ணெய், நல்லெண்ணெய், கடலையெண்ணெய், மீனெண்ணெய் முதலியன கிழக்கிந்தியத் தோலுக்குப் பயன்பட்டவை. செம்பழுப்பான புங்கெண்ணெய் தன் நிறத்தையும் தோலுக்குத் தரும். கருநிற வாருக்கு அது தீங்கன்று, வெளிர்நிறத் தோலுக்குப் பொருந்தாது. மீனெண்ணெய் காற்றிலுள்ள உயிர்வளியை ஏற்று நாளடைவில் மஞ்சளாகும். குரோம் தோலுக்கு எண்ணெயை நேரே தடவுவதில்லை. கந்தக அமிலத்தால் பக்குவப்படுத்திய ஆமணக்கெண்ணெய் போன்றவற்றை வெந்நீரிற் கலந்து பால்போலாக்கி, சுழல் பீப்பாயில் ஏற்றுவர். அமிலம் தணியாத தோலில் இப்பால் மேற்பரப்பிலேயே முறிந்து பிசுக்காகத் தங்கும்.

செய்முறை

குரோம் தோலுக்குரிய பொதுவான முறை வருமாறு. இங்கே தரப்படும் விழுக்காடுகள் யாவும் சீவிய ஈரத்தோலின் எடையைக் கொண்டு கணக்கிடப்பட்டவை. தோலின் தடிப்புக்கும் சாயத்தின் வகைக்கும் ஏற்ப இவற்றைச் சிறிது மாற்றிக்கொள்ளலாம்.

1. தோலை நன்கு கழுவி, 1 விழுக்காடு சோடியம் பார்மேட்டும், ½ முதல் 1 விழுக்காடு சமையற் சோடாவும் இட்டு ஏறக்குறைய 1 மணி நேரம் சுழற்றி அமிலத்தைத் தணித்துக் கழுவுக.

2. தோலின் எடைக்குச் சமமாகவோ ஒன்றரை மடங்காகவோ 55 முதல் 60 டிகிரி செண்டிகிரேடு வெப்பமுள்ள நீரை எடுத்து, முன்னரே வெந்நீரில் முற்றிலும் கரைத்து வடிகட்டிய சாயத்தை 1 முதல் 3 விழுக்காடு வரை இருமுறையாகச் சேர்த்து, 45 நிமிடம் சுழற்றுக.

3. எண்ணெய்ப் பாலை 5 முதல் 8 விழுக்காடு வரை சேர்த்து, மேலும் 45 நிமிடம் முதல் 1 மணி நேரம் வரை சுழற்றுக.

4. 1 விழுக்காடு பார்மிக அமிலத்தைப் பத்து மடங்கு நீரிற் கலந்து, இரண்டு மூன்று தவணைகளாகச் சேர்க்க. அமிலத்தை நீரில் ஊற்ற வேண்டுமேயன்றி, நீரை அமிலத்தில் ஊற்றலாகாது.

5. பீப்பாயின் நீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்துப் பார்க்க. நீர் தெளிந்திருந்தால் சாயமும் எண்ணெயும் தோலில் ஏறிவிட்டன. கலங்கியோ நிறமாகவோ இருந்தால் மேலும் சுழற்றுக. பின்னர்க் கழுவி, ஓரிரவு அடுக்கி வைத்து, நீட்டி, நிழலில் உலர்த்துக.

பட்டைத் தோலுக்கு நீரின் வெப்பம் 45 டிகிரிக்கு மேற்படலாகாது. மிகுந்தால் தோல் சுருங்கிக் கெடும்.

சுழல் பீப்பாய் இல்லாத சிறு கைவினைஞர் செருப்பு வாருக்கும் பைக்கும் துணியாலோ தூரிகையாலோ சாயம் தடவுவர். அவர்கள் முதலில் சமையற் சோடா கலந்த மென்கரைசலால் தோலைத் துடைத்து மேற்பரப்பு எண்ணெயை நீக்குதல் வேண்டும். எண்ணெய்ப் பிசுக்குள்ள இடத்தில் சாயம் ஏறாது. பின்னர்த் தோல் சற்று ஈரமாயிருக்கும்போதே, அடர்ந்த ஒரு பூச்சுக்குப் பதிலாக மென்மையான இரண்டு மூன்று பூச்சுகளாகத் தடவி, முற்றிலும் உலர்ந்தபின் சிறிதளவு எண்ணெய் தேய்க்க வேண்டும். மறுநாள் நிறத்தைப் பார்த்த பின்னரே தேவையாயின் மேலும் எண்ணெய் இடலாம். இட்ட எண்ணெயை எடுப்பது அரிது.

நீரின் தன்மை

வறண்ட நிலத்துக் கிணற்று நீர் பெரும்பாலும் கடினநீராகவே இருக்கும். அதிலுள்ள சுண்ணாம்பு, மக்னீசியம் ஆகியவற்றின் உப்புகள் சில சாயங்களை வீழ்படியச் செய்யும். எண்ணெய்ப் பாலையும் முறிக்கும். அந்நீரில் இரும்பும் கலந்திருந்தால் பட்டைத் தோல் கறுக்கும். கொழிஞ்சாம்பாறை போன்ற பகுதிகளில் தொழில் தொடங்க எண்ணுவோர்க்குக் களப்பணியாளர் முதலிற் கூறவேண்டியது, நீரைச் சோதித்தறிக என்பதே. சவர்க்காரம் நுரைக்காமல் தயிர்போல் திரிந்தால் அந்நீர் சாயத்துக்கும் எண்ணெய்க்கும் ஏற்றதன்று. சேமித்த மழைநீரைப் பயன்படுத்துதல் நலம்.

வகுப்பறையிற் காட்டத்தக்க சோதனைகள்

கடுக்காய்த் தோலை இடித்து நீரில் ஊறவைத்து வடிகட்டி, மூன்று கண்ணாடிக் குவளைகளில் ஊற்றுக. முதற்குவளையில் எலுமிச்சைச் சாறு சேர்த்தால் நிறம் வெளிறும். இரண்டாவதில் தெளிந்த சுண்ணாம்பு நீர் சேர்த்தால் நிறம் கருகும். மூன்றாவதில், துருப்பிடித்த ஆணிகளைச் சில நாள் காடியில் ஊறவைத்த நீரைச் சிறிது விட்டால் மைபோற் கறுக்கும். அமிலம் பட்டைத் தோலை வெளிறச் செய்வதும், காரம் கருகச் செய்வதும், இரும்பு கறை செய்வதும் ஏன் என்பது இம்மூன்று குவளைகளால் விளங்கும்.

இரும்பும் துவரும் கூடிய இக்கருமையைப் பண்டைத் தொழிலாளர் தோலைக் கறுப்பாக்கப் பயன்படுத்தினர். பட்டைத் தோல் துண்டொன்றில் ஆணி ஊறிய நீரைத் தடவி இதனைக் காட்டலாம். ஆயின் இரும்பும் காடியும் மிகுதியாகத் தங்கினால் தோல் நாளடைவில் வெடித்து உதிரும். ஆகவே நன்கு கழுவி எண்ணெயிடல் வேண்டும்.

மற்றொரு துண்டின் ஒரு பாதியைக் கருப்புக் காகிதத்தால் மூடி, சில வாரம் வெயிலில் வைத்தால் மூடாத பாதியின் நிறம் மாறுவதைக் காணலாம். மூன்றாவது துண்டில் ஒரு சொட்டு நல்லெண்ணெய் விட்டு, நிறம் கருப்பதை அன்றும் ஒரு வாரம் கழித்தும் ஒப்பிடச் செய்யலாம்.

தவிர்க்க வேண்டிய கேடுகள்

எல்லாச் சாயமும் பாதுகாப்பானதன்று. பென்சிடினிலிருந்து செய்யப்படும் சாயங்களும், புற்றுநோய் விளைக்கும் அமீன்களாகச் சிதையக்கூடிய வேறு சில அசோ சாயங்களும் சாயத்தொழிலாளர் உடம்புக்கும், தோற்பொருளை அணிவோர்க்கும் தீங்கு தருவன. இந்திய அரசு 42 பென்சிடின் சாயங்களை 1993 முதலும், மேலும் 70 அசோ சாயங்களை 1997 முதலும் தடைசெய்தது. எனவே பெயரும் விவரமும் இன்றிப் பொட்டலத்தில் விற்கப்படும் மலிவான சாயத்தை வாங்கலாகாது என்பதைக் கைவினைஞர்க்கு வற்புறுத்துதல் வேண்டும். தூளை நிறுக்கும்போது மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ளுதலும் கையுறை அணிதலும் இன்றியமையாதன.

எண்ணெயிலும் எச்சரிக்கை வேண்டும். எளிதில் சிக்கல் அடையும் மீனெண்ணெய் போன்றவை குரோம் தோலில் இருந்தால், வெப்பத்திலும் ஒளியிலும் அவை உயிர்வளியை ஏற்று, தீங்கற்ற மூவலுக் குரோமியத்தின் ஒரு பகுதியை நச்சுத்தன்மையுடைய ஆறுவலுக் குரோமியமாக மாற்றக்கூடும். ஐரோப்பிய ஒன்றியத்தில் உடம்பிற்படும் தோற்பொருளில் இதன் அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டலாகாது என்னும் விதி 2015 முதல் நடைமுறையில் உள்ளது. தக்க எண்ணெயைத் தேர்வதுடன், குரோம் தோலைச் சிறிதளவு பட்டைத் துவரால் மறுபதனிடுவதும் இதனைத் தடுக்கும். ஆவாரையும் கடுக்காயும் இன்றும் பயன்படத்தக்கவை என்பதற்கு இதுவும் ஒரு சான்று.

தோலில் ஏறாத சாயமும் எண்ணெயும் எங்கே செல்கின்றன என்பதையும் எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாலாற்றங்கரைப் பதனீட்டு நிலையங்களின் கழிவுநீரால் நிலமும் கிணறும் கெட்ட செய்தி நாடறிந்தது. வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் 1996-இல் உச்ச நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பு, மாசுபடுத்துவோரே அதன் செலவை ஏற்றல் வேண்டும் என்றது. சித்தூர் வட்டத்து நீரோடைகளின் நீர் பாரதப்புழையைச் சேர்கின்றது. இவ்வட்டத்தில் ஒரு தொட்டிச் சாயநீரை ஓடையில் விட்டாலும் கீழ்நிலத்து ஊர்களைப் பாதிக்கும். ஆகவே குவளையில் எடுத்த நீர் தெளிந்துள்ளதா என்னும் சோதனை நிறத்தின் பொருட்டு மட்டும் செய்யப்படுவதன்று. சாயம் முழுதும் தோலில் ஏறினால் நிறம் நிலைக்கும், செலவு குறையும், கழிவின் கேடும் குறையும். எஞ்சிய கழிவுநீரைச் சுத்திகரிக்காமல் வெளியே விடலாகாது.

அடிநிறத்தை அறிதல், அமிலத்தை அளந்து தணித்தல், சாயத்தைச் சிறிது சிறிதாக ஏற்றுதல், எண்ணெயைச் சீராகப் பரப்புதல், உலர்ந்தபின் நிறத்தை மதிப்பிடுதல் ஆகிய ஐந்தையும் இவ்வரிசையிலேயே பின்பற்றினால், எளிய கருவிகளைக் கொண்ட கைவினைஞரும் சந்தையில் நன்மதிப்புப் பெறும் தோலைச் செய்ய இயலும்.